சாக்கடை வழியே ஒரு நகரம்: அருவருக்கப்படும் கேரக்டராக கேம் ஆடுவது எப்படி

பேயாக, பிசாசாக, ரத்தக்காட்டேரியாக ஆட எத்தனையோ கேம்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த உருவம் போட்டுக் கழற்றும் சட்டைதான். தலையில் இரண்டு கொம்பு முளைத்திருக்கும், கண் சிவந்திருக்கும், கடைக்காரர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் "என்ன வேணும்?" என்று சாமானை எடுத்துப் போடுவார். ஊர் உங்களைக் கண்டு முகம் சுளிப்பதை ஆட்டத்தின் விதியாகவே வைத்த கேம்கள் மிகக் குறைவு. இந்தக் கையேடு அவற்றைப் பற்றியது. ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று ஒரு கேம் உங்களுக்குக் காட்ட வேண்டுமானால் எதை நிறுவ வேண்டும், எந்த வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே அது கெட்டுப்போகும் என்பதெல்லாம் இதில் உண்டு.

முதலில் எடுக்க வேண்டியது 'வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்'. ட்ரோய்க்கா கேம்ஸ் நிறுவனம் செய்தது, 2004 நவம்பரில் வெளிவந்தது. வந்த சில மாதங்களிலேயே நிறுவனம் மூடப்பட்டாலும் கேமை இன்றைக்கும் ஆடுகிறார்கள். ஆடுகளம் லாஸ் ஏஞ்சலஸ். ரத்தக்காட்டேரிகள் மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே ஒரு சமூகமாக வாழ்கிறார்கள். நீங்கள் சேரக்கூடிய குலங்கள் ஏழு. அதில் நோஸ்ஃபெராட்டு குலத்தைத் தேர்ந்தெடுத்தால் கேமே வேறாகிவிடும். முகம் கோரம். அப்பியரன்ஸ் என்ற பண்பு பூஜ்யத்தில் நிற்கும், அனுபவப் புள்ளி எவ்வளவு கொட்டினாலும் ஏறாது. தெருவில் மனிதர் யாராவது உங்களைப் பார்த்துவிட்டால் அலறிக்கொண்டு ஓடுவார், உங்கள் கணக்கில் ஒரு 'மாஸ்கரேட்' மீறல் ஏறும். இரகசியம் உடைந்தது என்று பொருள். ஐந்து மீறல் ஆனால் ஆட்டம் முடிந்தது.

மற்ற குலத்தார் நடைபாதையில் நடந்து, டாக்சி பிடித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போவார்கள். நோஸ்ஃபெராட்டுவுக்கு மேன்ஹோலும் பாதாளச் சாக்கடையும்தான் போக்குவரத்து. இந்த வடிவமைப்பின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் உங்களை அசிங்கமாகத் திட்டினால் இரண்டு நொடியில் மறந்துவிடுவீர்கள். எதிர்ச்சாரியில் இருக்கும் கதவுக்குப் போக முப்பது அடி நடந்தால் போதும் என்ற இடத்தில், சந்துக்குள் திரும்பி, மூடியைத் தூக்கி, இறங்கி, தண்ணீரில் நடந்து, இன்னொரு மூடி வழியே ஏற வேண்டியிருந்தால் அது ஒவ்வொரு முறையும் உறைக்கும்.

நிறுவும் வேலை

பழைய கேம் என்பதால், அப்படியே ஏற்றினால் இன்றைய கணினியில் தகராறு செய்யும். 'அன்அஃபிஷியல் பேட்ச்' என்று, கோளாறுகளைத் திருத்தும் ஒரு கோப்புத் தொகுப்பு இருக்கிறது. வெஸ்ப்5 என்ற பெயரில் இயங்கும் ரசிகர் இருபது ஆண்டுக்கும் மேலாக அதைத் திருத்திக்கொண்டு வருகிறார். ஜிஓஜி தளத்தில் வாங்கினால் பேட்ச் கூடவே வரும். ஸ்டீமில் வாங்கினால் தனியாக இறக்கிப் போட வேண்டும். நிறுவும்போது பேசிக், பிளஸ் என்று இரண்டு வகை கேட்கும். பேசிக் கோளாறுகளை மட்டும் சரிசெய்யும். பிளஸ் வகை, வெட்டப்பட்ட பகுதிகளைத் திரும்பச் சேர்த்துச் சில விதிகளையும் மாற்றும். இந்தக் காரியத்துக்கு பேசிக் போதும்.

கதாபாத்திர முகங்களை அழகாக்கும் மோட்கள், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றங்கள், ஏராளம். நோஸ்ஃபெராட்டு உருவத்தையே பார்க்கச் சகிக்கும்படி மாற்றும் மோட்களும் உண்டு. அவற்றைத் தொடாதீர்கள். முகத்தை மாற்றினால் விதி மாறாது. ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒருவரைப் பார்த்து ஊர் அலறும்போது அது ஒரு பிழை மாதிரித்தான் தோன்றும்.

முதலில் அழகனாக ஆடுங்கள்

நேராக நோஸ்ஃபெராட்டுவில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இருந்ததே தெரியாவிட்டால் இழந்தது எப்படித் தெரியும்? ஆகவே முதல் இரண்டு மணி நேரம் டோரடோர் குலத்தில் ஆடுங்கள். கலைஞர்களும் அழகர்களும் நிறைந்த குலம் அது. பயிற்சிப் பகுதியை முடித்து சான்டா மோனிகா வீதிக்கு வாருங்கள். அவசரப்படாமல் நடங்கள். அசைலம் என்ற நடனக் கூடத்துக்குள் போய் நில்லுங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். மயக்கிப் பேசும் விடைகள் திரையில் வந்தால் அவற்றையே தேர்ந்தெடுங்கள். இணங்குகிறவரிடம் ரத்தமும் கிடைக்கும். டாக்சி ஓட்டுநர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவையுங்கள். பிறகு அதுவரை ஆடியதைத் தனிப்பெயரில் ஒரு சேவ் கோப்பாக வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

இப்போது நோஸ்ஃபெராட்டு. தொடக்கத்தில் கேம் கேள்விகள் கேட்டு குலத்தைத் தானே முடிவுசெய்யவும் செய்யும். அதை விட்டுவிட்டு நேரடியாகத் தேர்ந்தெடுங்கள்.

புள்ளிகளை எங்கே போடுவது? டெக்ஸ்டெரிட்டியும் ஸ்டெல்த்தும் சேர்ந்ததுதான் பதுங்கும் திறன். முதலில் அதை நான்குக்காவது கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் முதல் ஒரு மணி நேரத்திலேயே மாஸ்கரேட் மீறல்கள் ஏறிவிடும். அடுத்து விட்ஸும் கம்ப்யூட்டரும். இரண்டும் சேர்ந்தால் ஹேக்கிங். மனிதர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதவர் அவர்களுடைய மின்னஞ்சலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோஸ்ஃபெராட்டுகள் இந்த உலகத்தில் தகவல் வியாபாரிகளாக இருப்பதும் இதனால்தான்.

இன்டிமிடேஷன், அதாவது மிரட்டல், இந்தக் குலத்துக்கு இயல்பாகப் பொருந்தும் என்று பல கையேடுகள் சொல்லும். ஜெயிப்பதற்கு அது நல்ல யோசனை. இங்கே நாம் பார்க்க வருவது வேறு. உங்களைக் கண்டு நடுங்கிப் பணிகிறவர்கள் கூடக்கூட, ஒதுக்கப்பட்டவர் என்ற உணர்வு போய், ரவுடி என்ற உணர்வு வந்துவிடும். அந்தப் புள்ளிகளை கரிஸ்மாவிலும் சப்டர்ஃப்யூஜிலும் போடுங்கள். அவை இரண்டும் சேர்ந்தால் பெர்சுவேஷன், பேசி வழிக்குக் கொண்டுவரும் திறன். ஆட்டக் கணக்கில் இது ஓரளவு வீண் செலவு. நன்றாகப் பேசத் தெரியும், பேச ஊரில் பாதிப் பேர் கிடையாது. அந்த வீண்தான் நமக்கு வேண்டியது.

டிசிப்ளின் எனப்படும் சக்திகளில் இந்தக் குலத்துக்கு அனிமலிசம், ஆப்ஃபஸ்கேட், போடென்ஸ் என்று மூன்று. ஆப்ஃபஸ்கேட் மறைந்துபோகும் சக்தி. முதல் நிலையில் அசையாமல் நின்றால்தான் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடுத்த நிலையில் குனிந்து நகரலாம். மேலே ஏற ஏறக் கிட்டத்தட்ட சுதந்திரமாக உலாவலாம். ஹாலிவுட் பகுதிக்குப் போகும்வரை இதை இரண்டாம் நிலைக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதல் மணி நேரம்

கேமை முதல் நபர் பார்வையிலும் (பாத்திரத்தின் கண் வழியே) மூன்றாம் நபர் பார்வையிலும் (பாத்திரத்தை வெளியிலிருந்து பார்த்தபடி) ஆடலாம். துப்பாக்கி சுட முதல் நபர் வசதி. ஆனால் அதில் உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் மறந்தேவிடுவீர்கள். தெருவில் இருக்கும்போதெல்லாம் மூன்றாம் நபர் பார்வைக்கு மாறுங்கள். நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். மெய்நிகர் உலகத்தில் அழகான உருவம் தரப்பட்டவர்கள், அழகு குறைந்த உருவம் தரப்பட்டவர்களைவிட அந்நியரிடம் நெருங்கிப் போய் நின்றார்கள், தங்களைப் பற்றி அதிகம் பேசினார்கள். இதற்கு ப்ரோட்டியஸ் விளைவு என்று பெயர். தான் எந்த உருவத்தில் இருக்கிறோம் என்று கண்ணால் பார்த்தவர்கள் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். பார்க்காவிட்டால் இந்த வேலை நடக்காது.

வீட்டைவிட்டு இறங்கியதும் ஓடாதீர்கள். குனிந்த நடையில் சந்து வாசலில் நின்று, தெருவில் நடமாடுகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று ஒரு சுற்று பாருங்கள். விளக்கு எங்கே விழுகிறது, இருட்டு எங்கே இருக்கிறது, மேன்ஹோல் மூடி எங்கே. ஒரு காகிதத்தில் கையால் வரைபடம் போடுங்கள்: மூடிகளுக்கு ஒரு வட்டம், அவற்றை இணைக்கும் சாக்கடைக்குப் புள்ளிக்கோடு. இணையத்தில் ஆயத்த வரைபடம் கிடைக்கும்; எடுக்க வேண்டாம். சான்டா மோனிகாவை இப்படி வரைந்து முடிக்கும்போது ஊரைப் பின்புறத்திலிருந்து தெரிந்துவைத்திருப்பீர்கள். கடைகளின் முகப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்டால் தெரியும்.

பசி வந்தால் இருட்டுச் சந்தில் தனியாக நிற்பவரின் பின்னால் போக வேண்டும். சாக்கடையில் எலிகள் உண்டு. ரத்தம் கொஞ்சம்தான் தேறும். முதல் நாள் இரவு எலிகளை மட்டுமே வைத்துச் சமாளித்துப் பாருங்கள். அதே வீதியில் டோரடோர் எப்படிச் சாப்பிட்டார் என்பது நினைவுக்கு வரும். ஒருவரை உயிர் போகும்வரை உறிஞ்சிவிட்டால் ஹ்யூமானிட்டி என்ற மனிதத்தன்மைக் கணக்கு குறையும், கவனம்.

உங்களோடு பேசுகிறவர்கள் யார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மெர்க்குரியோ பேசுவார், ஏனென்றால் அவர் ரத்தக்காட்டேரிகளுக்கு வேலை செய்கிறவர், எல்லாம் தெரிந்தவர். கடற்கரையில் 'தின்பிளட்' எனப்படும் அரைகுறை ரத்தக்காட்டேரிகள் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் மற்ற குலத்தார் சேர்த்துக்கொள்வதில்லை. எண்ணெய்த் தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் பெர்ட்ரம் டங் உங்கள் குலத்தவரே. இவர்களிடம் போகும்போது தோள் தானாகத் தளர்வதை உணர்வீர்கள். ஓஷன் ஹவுஸ் ஹோட்டல் என்ற பேய் வீட்டுப் பகுதி வரும்போது வேடிக்கையான ஒன்று நடக்கும். மற்ற குலத்தில் ஆடுகிறவர்களுக்கு அது பயங்கரம். உங்களுக்கோ, பார்க்க ஆளே இல்லாத ஒரு முழுக் கட்டிடம். நிமிர்ந்து நடக்கலாம்.

கெடுவது எங்கே

முதல் எதிரி சேவ் கோப்பு. யாரோ பார்த்துவிட்டார், உடனே பழைய சேவ் கோப்பை ஏற்றிவிட்டோம் என்றால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. அந்த மனிதர் அலறியது அழிந்துவிட்டது. விதி இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மூன்று மீறல்களுக்குத் திரும்ப ஏற்றக் கூடாது. நான்காவதில் ஏற்றலாம். ஐந்தில் ஆட்டம் முடிவதால், ஒரே ஒரு படி இடைவெளி வைத்திருக்கிறோம். மீறல் கூடக்கூட வேட்டைக்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள், அதுவும் நடக்கட்டும். ஏறிய மீறலைக் குறைத்துத்தரும் சிறு வேலைகள் வழியில் கிடைக்கும்.

இரண்டாவது எதிரி, உங்கள் திறமை. ஆப்ஃபஸ்கேட்டை மேலே ஏற்றிவிட்டால் நடுத்தெருவில் நடந்துபோகலாம், யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் கேம் ஒளிந்துகொள்வதிலிருந்து வேவு பார்ப்பதாக மாறிவிடும். ஆட்களைக் காணும்போது பயம் இருக்காது, குறும்புதான் இருக்கும். இது வடிவமைப்பின் குறை என்றுகூடச் சொல்லலாம். எண்களை ஏற்றும் எல்லா கேமுக்கும் இந்தக் கதி உண்டு: எந்தப் பலவீனத்தைக் காட்ட வந்ததோ அதையே பலமாக மாற்றி உங்கள் கையில் கொடுத்துவிடும். அதனால்தான் இரண்டாம் நிலை என்ற வரம்பு.

மூன்றாவது, கோபம். மூன்று மணி நேரம் பதுங்கிக்கொண்டே இருந்தால் தெருவில் இறங்கி எல்லோரையும் அடித்துப்போட்டால் என்ன என்று தோன்றும். தோன்றுவதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது இந்தப் பயிற்சியில் கிடைக்கும் நல்ல தகவல். செய்தால் மட்டும் ஆட்டம் வழக்கமான சண்டைக் கேமாகச் சுருங்கிவிடும்.

ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஆடுவதும் உதவாது. சாக்கடை சலித்துவிடும், சலிப்பு வந்தபின் எதுவும் உறைக்காது. ஒரு அமர்வுக்கு 90 நிமிடம். முடிந்ததும் ஐந்து நிமிடத்தில் மூன்றே கேள்விக்கு விடை எழுதுங்கள்: எந்தக் கதவை நெருங்காமலே விட்டேன், எங்கே ஆள் இல்லாதபோதும் பதுங்கி நடந்தேன், யார் பேசினார். இரண்டாவது கேள்விதான் முக்கியம். பொதுவாக மூன்றாம் நான்காம் அமர்வில் அது நடக்கத் தொடங்கும். தெரு காலியாக இருக்கும், நீங்கள் அப்போதும் ஓரமாகவே போவீர்கள். விதி உங்களைத் தடுக்கவில்லை, நீங்களே தடுத்துக்கொள்கிறீர்கள். இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஹாலிவுட்டின் அடியில்

கதையில் ஹாலிவுட் வரும்போது உங்களைச் சாக்கடையின் ஆழத்துக்கு அனுப்புவார்கள். நீளமான, வளைந்து வளைந்து போகும், சண்டை நிறைந்த பகுதி. கேமிலேயே அதிகம் திட்டு வாங்கிய பகுதியும் அதுதான். ரத்தமும் தோட்டாவும் நிரம்ப எடுத்துக்கொண்டு இறங்குங்கள். நடுவில் திரும்பி வந்து வாங்குவது பெரும்பாடு. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் நோஸ்ஃபெராட்டுகளின் குடியிருப்பு. தலைவர் கேரி கோல்டன், ஒரு காலத்தில் திரைப்பட நடிகர். இமாலியா முன்னாள் மாடல் அழகி; இப்போது மேலே பிரபலமாக இருக்கும் இன்னொரு மாடலின் வீட்டில் கேமரா பொருத்திவரச் சொல்லி உங்களைக் கேட்பார். செய்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசியுங்கள். ஒதுக்கப்பட்டவர் ஒருவரின் கசப்புக்கு நீங்கள் ஆயுதமாகிறீர்கள் என்பதை கேம் மறைக்கவில்லை. மிட்னிக் என்பவருக்கு ஹேக்கிங் வேலைகள் உண்டு.

நோஸ்ஃபெராட்டுவாக ஆடுகிறவருக்கு இங்கேயே ஒரு இருப்பிடமும் கொடுப்பார்கள். வந்தவுடன் குவெஸ்ட், அதாவது கதையில் தரப்படும் வேலை, வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பதுங்காமல் நடங்கள். எல்லோர் முகமும் உங்கள் முகம் போலத்தான் இருக்கும். ஏறக்குறைய பத்து பதினைந்து மணி நேரத்துக்குப் பிறகு கிடைக்கும் இந்தச் சாதாரண நடை, மேலே பட்ட எந்த அவமானத்தையும்விட ஆழமாக இறங்கக்கூடியது. ஆப்ஃபஸ்கேட் வரம்பை இதற்குப் பிறகு எடுத்துவிடலாம்.

மொரோவிண்ட்: பேச மறுக்கும் ஊர்

பெதெஸ்டாவின் 'த எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மொரோவிண்ட்' 2002-ல் வந்தது. இதில் ரத்தக்காட்டேரியாவது தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் விஷயம் இல்லை, தொற்றும் நோய். ரத்தக்காட்டேரிகளின் குகையில் சண்டை போடும்போது போர்ஃபிரிக் ஹீமோஃபிலியா என்ற அந்த நோய் தொற்றக்கூடும். ஒரே அடியில் தொற்றாது. பலமுறை அடி வாங்க வேண்டியிருக்கும். தொற்றியபின் கேம் கணக்கில் மூன்று நாள். அதற்குள் சாதாரண நோய் தீர்க்கும் மருந்து குடித்தால் சரியாகிவிடும். தாண்டினால் மாறிவிடுவீர்கள்.

மாறியபின் ஊருக்குள் போனால் பெரும்பாலோர் பேசவே மாட்டார்கள். நேற்றுவரை சாமான் விற்றவர், பயிற்சி கொடுத்தவர், சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சி வாகனம் ஓட்டுகிறவர், படகுக்காரர் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சூரிய வெளிச்சம் சுடும், பகலில் வெளியே நின்றால் உயிர் குறைந்துகொண்டே வரும். உங்களைக் கடித்தது ஔண்டே, பெர்ன், குவாரா என்ற மூன்று குலங்களில் எதுவோ அதுவே உங்கள் குலம். மற்ற இரண்டு குலத்து ரத்தக்காட்டேரிகளும் உங்களைக் கண்டால் அடிப்பார்கள்.

இங்கே செய்ய வேண்டிய முன்னேற்பாடு, பிளட்லைன்ஸுக்கு நேர்மாறானது. அங்கே நோஸ்ஃபெராட்டு பாத்திரம் இழப்பதற்கு ஒன்றும் இல்லாமலே தொடங்கியது. இங்கே முதலில் வேர் விடுங்கள். குறைந்தது பதினைந்து மணி நேரம் சாதாரண ஆளாக ஆடி, ஒரு ஊரை உங்கள் ஊராக்கிக்கொள்ளுங்கள். பால்மோரா இதற்கு ஏற்றது. இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் மட்டும் தொடர்ந்து கொடுக்கல் வாங்கல் வையுங்கள். கில்ட் எனப்படும் சங்கம் ஒன்றில் சேர்ந்து சிலரின் மதிப்பைச் சம்பாதியுங்கள். பிறகு தொற்று. மாறுவதற்கு முன் தனிப்பெயரில் ஒரு சேவ் கட்டாயம், ஏனென்றால் பேச மறுக்கிறவர்களிடம் சிக்கிய குவெஸ்ட் அங்கேயே நின்றுவிடும். ஆயுதம் பழுதுபார்க்கும் சுத்தியல், அம்பு, உங்களை வேறிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் இன்டர்வென்ஷன் ஸ்க்ரோல் ஆகியவற்றை இருப்பு வையுங்கள். ஒரு இடத்தைக் குறித்துவைக்கும் மார்க், அங்கே திரும்பக் கொண்டுபோகும் ரிகால் என்ற மந்திரங்களைக் கற்றுவிடுங்கள். போக்குவரத்து நின்றபின் அவைதான் கால்.

சரக்கை விற்க இரண்டு பேர் மிஞ்சுவார்கள், இருவரும் மனிதர் இல்லை. கால்டேராவில் கோராக் மேனர் வீட்டில் இருக்கும் க்ரீப்பர் என்ற குட்டிப் பிசாசு. கடலோரத்தில் பேசும் நண்டு. முன்னவரிடம் 5,000 தங்கம், பின்னவரிடம் 10,000. கேம் எழுதியவர்கள் விளையாட்டாகப் போட்ட பாத்திரங்கள். ரத்தக்காட்டேரியாகிவிட்டால் அந்த நண்டிடம் பேரம் பேசும்போது வேடிக்கையாக இருக்காது.

போதும் என்று தோன்றினால் குணமாக ஒரு வழி உண்டு: பால் ஊர் என்ற இடத்தில் மோலக் பால் என்ற தீய தெய்வத்தின் சிலையை அணுகி, அவர் இடும் வேலையை முடிக்க வேண்டும். குணமானபின் நேராகப் பழைய கடைக்காரரிடம் போங்கள். ஒன்றும் நடக்காததுபோலப் பேசுவார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே குணமாகலாம்.

அதே வரிசையில் 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' இதற்குச் சரிப்படாது. ரத்தம் குடிக்காமல் நான்காம் கட்டத்துக்கு வந்துவிட்டால் முதல் பதிப்பில் ஊரே கத்தியை எடுத்துக்கொண்டு பாயும். 2012-ல் வந்த டான்கார்ட் இணைப்பு அதையும் எடுத்துவிட்டது. பாய்கிறவர்களைத் திருப்பி அடிக்கலாம். பேசாமல் நிற்கிறவரை என்ன செய்வது? மொரோவிண்டின் மௌனத்துக்கு இணையான எதையும் ஸ்கைரிம் செய்யவில்லை.

நண்பர்களோடு ஆட 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2' (2017) கொஞ்சம் உதவும். நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவர் மட்டும் அன்டெட், அதாவது எலும்புக்கூடு, ஆகட்டும். முகம் மறைக்காமல் போனால் மக்கள் பயந்து ஓடுவார்கள் அல்லது தாக்குவார்கள். குணப்படுத்தும் மந்திரம் அவரைக் காயப்படுத்தும், விஷம்தான் அவருக்கு மருந்து. மற்ற மூவர் ஊருக்குள் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தலையை மூடிக்கொண்டு வாசலில் நிற்பார். முகமூடி எளிதில் கிடைத்துவிடுவதால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் இந்த உணர்வு தாங்காது. ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும்.

இது ஏன் வேலை செய்கிறது, யாருக்கு வேண்டாம்

எதிரில் இருப்பது வெறும் கணினி நிரல் என்று தெரிந்தும் எப்படி உறைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. கிப்ளிங் வில்லியம்ஸும் கூட்டாளிகளும் 'சைபர்பால்' என்ற சிறு கணினி ஆட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். மூன்று பேர் பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் ஆட்டம். 2004-ல் வந்த ஆய்வில், எதிரில் ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களும், மனிதர் ஒதுக்கியதாக நினைத்தவர்களைப் போலவே வருந்தினார்கள். அறிவு பிறகுதான் வந்து சேர்கிறது.

2006-ல் வந்த இன்னொரு ஆய்வு, யாருக்கு இது வேண்டாம் என்பதைச் சொல்கிறது. பிறரோடு பழகுவதில் பதற்றம் குறைவாக உள்ளவர்கள் விரைவில் தேறிவிட்டார்கள். அதிகம் உள்ளவர்களிடம் 45 நிமிடம் கழித்தும் பாதிப்பு தெரிந்தது. ஆகவே வேலையிலோ கல்லூரியிலோ வீட்டிலோ இப்போதுதான் ஒதுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்றால் இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். மற்றவர்களும் படுக்கப் போகும் முன் ஆடாமல், முடித்தபின் ஒரு மணி நேரமாவது வேறு மனிதர்களோடு இருக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிளட்லைன்ஸ் பெரியவர்களுக்கான கேம். வன்முறையும் பாலியல் பேச்சும் தாராளம். பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

இதை வைத்து வகுப்போ பட்டறையோ நடத்துகிறவர்கள் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நோஸ்ஃபெராட்டு உண்மையிலேயே மனித ரத்தம் குடிக்கிறவர். அவரைக் கண்டு ஓடுகிறவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நிஜத்தில் ஒதுக்கப்படுகிறவர்களிடம் அப்படி எந்த ஆபத்தும் இல்லை. ஆபத்து இருப்பதாக ஒரு கதை கட்டப்படுகிறது. தெருவில் நடக்கத் தடை என்பது நமக்குக் கற்பனை உலகத்துச் சங்கதியும் அல்ல. 1924-ல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத்தான் நடந்தது, பெரியார் சிறைக்குப் போனதும் அதற்குத்தான். ஆகவே "சாக்கடை வழியாக நாற்பது மணி நேரம் நடந்தேன், எனக்குப் புரிந்துவிட்டது" என்று யாராவது பட்டறையில் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி, எஸ்கேப் பட்டனை அழுத்தி நிறுத்த முடியாத, அவர் கேமில் இல்லாத விஷயங்கள் நிஜத்தில் எவை என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். பட்டியலில் பத்து விஷயமாவது வந்தால் போதும்.

கேமை முடித்தபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம். தொடக்கத்தில் தனியாக வைத்த டோரடோர் சேவ் கோப்பைத் திறங்கள். அதே சான்டா மோனிகா வீதி, அதே நேரம், அதே நடைபாதை. நடுத்தெருவில் நடந்து அசைலம் வாசல்வரை போங்கள். எத்தனை முறை கை தானாகக் குனியும் பட்டனுக்குப் போகிறது என்று எண்ணுங்கள். பிறகு நின்று, எதிரில் இருக்கும் சந்தைப் பாருங்கள். அங்கே மேன்ஹோல் மூடி எங்கே இருக்கிறது என்று முதல் முறை ஆடியபோது உங்களுக்குத் தெரியாது.